செருப்பை எங்கே விடுவார்கள்?

பானுப்ரியாவுக்கு அந்தத் தலைப்பு வந்து சேர்ந்ததற்கு ஒரு சிமெண்ட் லாரிதான் காரணம்.

எம்.ஏ. வரலாறு முதலாண்டில் பண்டைய மேற்குலக வரலாறு என்று ஒரு பாடம். அதற்கு ஆளுக்கொரு தலைப்பை எடுத்துக் கட்டுரை எழுத வேண்டும். தலைப்புகளைப் பிரித்துக் கொடுத்த அன்றைக்கென்று பார்த்து, செந்துறையிலிருந்து வந்த பஸ் ஒரு லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டது. லாரியும் வேகமாகப் போகவில்லை, வழியும் விடவில்லை. அவள் அரியலூரில் இறங்கி ஓடி, வகுப்புக்குள் மூச்சிரைக்க நுழைந்தபோது அலெக்சாண்டர் போயிருந்தார். சீசரும் போயிருந்தார். கிளியோபாட்ராவுக்காக இரண்டு பெண்கள் மல்லுக்கட்டி, அந்தச் சண்டையும் ஓய்ந்திருந்தது.

“ஒண்ணுதாம்மா மிச்சம்” என்றார் லீலாவதி மேடம். “ரோம்ல பேட்ரன், கிளையன்ட் உறவு. எடுத்துக்கறியா?”

“எடுத்துக்கறேன் மேம்.”

மிச்சம் கிடந்ததுதானே கிடைத்தது என்று அவள் வருத்தப்படவில்லை. கிளையன்ட் என்ற சொல் அவளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். சித்தப்பா மகன் தமிழழகன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால்கூடக் கரும்பைப் பாதியில் வைத்துவிட்டு, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று போனில் ஆங்கிலம் பேசுவான். கேட்டால் கிளையன்ட் கால் என்பான். அன்று சாயந்தரமே அவனுக்குப் போன் போட்டாள்.

“கிளையன்ட்டுனா சாமி மாதிரி பானு” என்றான் அவன். “அவன் சிரிச்சா நாங்க சிரிக்கணும். அவன் மொறச்சா எங்க மேனேஜருக்கு வயித்தக் கலக்கும்.”

அது போதுமானதாக இருந்தது. ரோமாபுரியின் வணிகர்கள் கடைக்கு வந்தவர்களைத் தெய்வமாக மதித்தார்கள் என்று தொடங்கி ஒரு முன்வரைவு எழுதினாள். நல்ல கையெழுத்து அவளுக்கு. தலைப்பைப் பட்டையாக எழுதிக் கீழே கோடு போட்டிருந்தாள்: ‘ரோமானியப் பேரரசில் வாடிக்கையாளர் சேவை.’

லீலாவதி மேடம் யாரையும் மட்டம் தட்டுகிறவர் இல்லை. ஆனால் அந்தத் தலைப்பைப் படித்ததும் சிரிப்பு அவரை மீறி வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறார் என்று முன்வரிசை எட்டிப் பார்த்தது. பிறகு வகுப்பு முழுக்கப் பரவியது. “கஸ்டமர் கேர் மேம்! ரோமுக்கு ஒண்ணை அழுத்தவும்!” என்று ஒருத்தி சொல்ல, மேஜைகள் தட்டப்பட்டன.

“சரி, சரி, போதும். பானு, உக்காரும்மா. தப்பு உன்மேல இல்ல, அந்த வார்த்தைமேல. அந்தக் காலத்துல அதுக்கு அர்த்தமே தலைகீழ்.”

மேடம் சொல்லத் தொடங்கினார். ரோம் நகரத்தில் பெரிய மனிதர்கள் இருந்தார்கள், அவர்களை அண்டிப் பிழைக்கிறவர்களும் இருந்தார்கள். அண்டிப் பிழைக்கிறவன்தான் கிளையன்ட். அவன் விடியுமுன் எழுந்து, வெளுத்த துணியைச் சுற்றிக்கொண்டு, தன் பெரிய மனிதர் வீட்டு வாசலில் போய் நிற்பான். கூப்பிட்டால் உள்ளே போவான். பெரிய மனிதருக்கு வந்தவனின் பேர் நினைவில் இராது. பக்கத்தில் நிற்கும் அடிமை ஒருவன் காதில் பேரைச் சொல்வான். கிளையன்ட் வணக்கம் சொல்லுவான். அவ்வளவுதான் வேலை. பிறகு பெரிய மனிதர் வெளியே கிளம்பினால் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நடப்பான். வழக்கு, வம்பு, சிபாரிசு என்று வந்தால் பெரிய மனிதர் பார்த்துக்கொள்வார்.

“மேம்” என்று கை தூக்கினான் செல்லக்கண்ணு. வகுப்பில் வாய் அவனுக்குத்தான். “இதுக்கு நம்மூர்லயே பேரு இருக்கு மேம். அல்லக்கை!”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. பானுப்ரியாவும் சிரித்தாள். பக்கத்திலிருந்தவள் தோளைத் தட்டிச் சிரித்தாள். தேவைக்கு மேலேயே சிரித்தாள் என்று அவளுக்கே பட்டது.

“போறப்ப வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க” என்று மேடம் தொடர்ந்தார். “ஒரு சின்னக் கூடையில ஏதாச்சும் சாப்பாட்டுப் பொருள் போட்டுக் குடுப்பாங்க.”

பானுப்ரியாவின் சிரிப்பு நின்றது. மடியில் அவளுடைய பை இருந்தது. புத்தகம் கொண்டுவரும் துணிப்பை. அதன்மேல் சிவப்பு எழுத்தில், யாரென்றே தெரியாத மணமக்களின் பேர் அச்சிட்டிருந்தது. எழுத்துப் பக்கம் தன் வயிற்றைப் பார்த்து இருக்கும்படி பையைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் வீட்டில் அப்படிப் பைகள் நிறைய. அவர்கள் போகாத கல்யாணங்களின் பைகள்.

அவளுடைய அப்பா கொளஞ்சியப்பன் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். “சேர்மன் வூட்டுல தலையக் காட்டிட்டு வந்துடறேன்.” தேர்தலில் தோற்று வருடங்கள் ஆகியும் ஊருக்கு அவர் சேர்மன்தான். பார்க்க வருகிறவர்களில் சிலருக்கு டீ வரும். சேர்மன் போகாத கல்யாணம் கிடையாது. அவர் வாங்கி வருகிற தாம்பூலப் பைகள் மறுநாள் காலையில் வாசலில் நிற்கிறவர்களுக்குப் போகும். தேங்காய் குழம்புக்கு, வெற்றிலை அம்மாவுக்கு, பை பானுப்ரியாவுக்கு.

“இந்தத் தலையப் பாத்தாதான் அவருக்கு வெளிக்கு வருமாக்கும்” என்பாள் அம்மா கலியம்மாள், சட்டியைத் துலக்கிக்கொண்டே.

“நீ சும்மா கெட. பாப்பாவுக்கு சீட்டு வாங்கிக் குடுத்த மனுசன். நன்றி இருக்கணுமில்ல.”

அதுதான் விஷயம். முன்பெல்லாம் அப்பா எப்போதாவதுதான் அங்கே போவார். ஜெயங்கொண்டத்தில் பானுப்ரியா பி.ஏ. முடித்து எம்.ஏ.வுக்கு மனுப் போட்டபோது, அப்பா சேர்மனிடம் போய் நின்று ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்தார். சீட்டுக் கிடைத்தது. அன்றிலிருந்து ஒருநாள் தவறுவதில்லை. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். அந்தப் படியில் அவள் நிற்பதற்காக அப்பா இன்னொரு படியின் கீழே நிற்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அதற்கு இப்படி ஒரு பேர் உண்டென்று அன்றுவரை யாரும் சொல்லவில்லை. செல்லக்கண்ணு சொன்னான். அவளும் சேர்ந்து சிரித்தாள். யாரை நினைத்துச் சிரித்தோம் என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்ததால் மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் துறை அறைக்குப் போய், தலைப்பை மாற்றித் தரச் சொல்லி நின்றாள்.

“தாராளமா மாத்திக்க. அலெக்சாண்டரே ஃப்ரீதான். அத எடுத்த பையன் போலீஸ் வேலை கெடச்சுப் போயிட்டான்” என்றார் மேடம். “ஆனா எனக்கென்னமோ நீ இதையே எழுதினா நல்லா வரும்னு தோணுது. வெள்ளிக்கிழமை க்ளாஸ்ல முடிவாச் சொல்லு.”

சரி என்று திரும்பியவள் கதவருகில் நின்றுவிட்டாள். நெடுநாளாக உள்ளே கிடந்த கேள்வி. “மேம், சீட்டுக் குடுக்கறப்ப… யாராச்சும் லெட்டர் குடுத்தா அதையும் பாப்பீங்களா?”

“என்ன லெட்டர்?”

“சிபாரிசு மாதிரி.”

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “வரலாறுக்கா? ஏம்மா, நம்ம டிபார்ட்மெண்ட்ல சீட்டே நெரம்பலையே. மனுப் போட்ட எல்லாரையும் சேத்தோம். அப்புறமும் காலியா இருந்துச்சு. நீயே பாக்கறல்ல, பின்னாடி பெஞ்சு சும்மாத்தான கெடக்கு?”

இரண்டு விதமாக அந்தப் பதிலை அவள் எதிர்பார்த்திருந்தாள். உன் மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது என்பார், அல்லது கடிதத்தைப் பார்த்துத்தான் கொடுத்தோம் என்பார். இப்படி ஒரு பதில் இருக்க முடியும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. அவளுடைய கெட்டிக்காரத்தனமும் இல்லை, சேர்மன் தயவும் இல்லை. யாரும் கேட்காத நாற்காலி ஒன்று காலியாகக் கிடந்தது. அதற்காக அப்பா காலையில் துண்டை உதறிக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா, “நாளைக்கு அய்யாகூட பெரம்பலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறேன். கார்ல வரச் சொல்லிட்டாரு” என்று சந்தோஷமாகச் சொன்னார். அவள் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் காலையில் அப்பா போனை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். சார்ஜில் கிடந்த போனை அம்மா எடுத்து பானுப்ரியாவின் கையில் திணித்தாள். “பஸ்ஸு ஏற அந்த வழியாத்தான போற? குடுத்துட்டுப் போ.”

சேர்மன் வீடு மெயின் ரோட்டில்தான் இருந்தது. தினமும் அவள் ரோட்டின் எதிர்ப்பக்கமாக நடந்து, அந்த வீட்டைத் தாண்டிப் போய்த்தான் பஸ்ஸுக்கு நிற்பாள். அன்று கேட்டருகில் போனதும் முதலில் கண்ணில் பட்டது அப்பாவின் செருப்பு. உள்ளே படியோரம் ஏகப்பட்ட செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. அப்பாவுடையது அங்கே இல்லை. கேட்டுக்கு வெளியே, புங்கமரத்தடியில், இரண்டும் ஒட்டி நேராக வைத்தபடி தனியாகக் கிடந்தது. ஒரு செருப்பில் மட்டும் வார் புதிது.

உள்ளே தகரப் பந்தலின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலிகளில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா தூணை ஒட்டி நின்றிருந்தார். துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது. நாற்காலி ஒன்று காலியாகத்தான் கிடந்தது.

அவள் போனைக் கொடுத்துவிட்டு நழுவப் பார்ப்பதற்குள் சேர்மன் வெளியே வந்துவிட்டார். அவருக்குப் பக்கத்தில் நின்ற டிரைவர் இளவரசன் காதருகில் குனிந்து, “கொளஞ்சி பொண்ணுங்கய்யா. காலேஜ்” என்றான்.

“அட, நம்ம பொண்ணு!” என்றார் சேர்மன். கெட்ட மனிதர் இல்லை அவர். முகம் நிஜமாகவே மலர்ந்தது. நாற்காலியில் இருந்தவர்களைப் பார்த்து, “இந்தப் பொண்ணுக்கு நாமதான் சீட்டு வாங்கிக் குடுத்தது. லெட்டர் போச்சு, மறுநாளே கூப்புட்டு சேத்துக்கிட்டாங்க” என்றார்.

“அய்யா லெட்டர் இல்லன்னா எங்கங்கய்யா” என்றார் அப்பா.

அவளுக்குக் காது சுட்டது.

“இப்ப என்னம்மா படிப்பு ஓடுது?”

“வெளிநாட்டு வரலாறுங்கய்யா. ரோம் எல்லாம். கட்டுரை எழுதணும்.”

“எதப் பத்தி?”

நாற்காலிக்காரர்கள் அவளைப் பார்த்தார்கள். இளவரசன் பார்த்தான். அப்பா எல்லாரையும்விட ஆவலாகப் பார்த்தார்.

“அலெக்சாண்டருங்கய்யா.”

“அப்படிப் போடு! ஒலகத்தையே புடிச்சவனாச்சே. டேய் இளவரசா, நேத்து வந்த பையில ஒண்ணு எடுத்தா.”

பை வந்தது. அவள் இரண்டு கையையும் நீட்டி, லேசாகக் குனிந்து வாங்கிக்கொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. அது தானாக வந்தது. கேட்டைத் தாண்டி வந்து செருப்பைத் தேடியபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. அவளுடைய செருப்பும் புங்கமரத்தடியில் அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. எப்போது அங்கே கழற்றினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

பஸ் நிற்குமிடம்வரை வருகிறேன் என்று அப்பா கூடவே வந்தார்.

“ஏன் பாப்பா, அன்னைக்கு தமிழுகிட்ட போன்ல வேற என்னமோ சொன்னியே. கிளையன்ட்டுன்னு.”

“அது வேணாம்னு இருக்கேன்ப்பா.”

“அப்படின்னா என்னா?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். பொய் சொல்லி வந்த வாய் இன்னொரு பொய்க்கு வளையவில்லை. “முந்தி ரோம்ல, காலையில எந்திரிச்சு பெரிய ஆளுங்க வூட்டுக்குப் போவாங்களாம்ப்பா. வாசல்ல நிப்பாங்க. கூப்புட்டா உள்ள போயி ஒரு வணக்கம் சொல்லுவாங்க.”

“தலையக் காட்டிட்டு வருவாங்க.”

“ம்.”

அப்பா கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தாள். கோபித்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“அவங்க செருப்ப எங்க வுடுவாங்க?” என்றார் அப்பா.

“என்னப்பா?”

“உள்ள போறப்ப. படியோரமா, வெளியிலயா? எல்லாத்துக்கும் ஒரே எடமா, இல்ல ஆளுக்குத் தக்கனயா?”

“தெரியலப்பா. புத்தகத்துல அது இல்ல.”

“மேடத்தக் கேளேன்.”

சேர்மன் வீட்டுப் பக்கமிருந்து “கொளஞ்சீ!” என்று குரல் வந்தது. கார் கிளம்புகிறது போலிருக்கிறது. அப்பா துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

வெள்ளிக்கிழமை மேடம் பேர் கூப்பிட்டதும் பானுப்ரியா எழுந்தாள். அலெக்சாண்டர் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஒரே சொல். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கப் போவதில்லை.

“பழைய தலைப்பே இருக்கட்டும் மேம். ரோமானியக் கிளையன்ட். அந்தக் காலை வணக்கத்துக்குத் தமிழ்ல ‘தலையைக் காட்டுதல்’னு போடலாம்னு இருக்கேன்.”

மேடம் அந்தச் சொல்லை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். “அட, ரொம்ப நல்லாருக்கே. எங்க புடிச்ச இத?”

“எங்கப்பா” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். “எங்கூர்ல சொல்றது மேம்” என்று வந்தது.

“அல்லக்கை ஆராய்ச்சி!” என்றான் செல்லக்கண்ணு. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரித்த சத்தத்தில் அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

“ஒரு சந்தேகம் மேம். அவங்க உள்ள போறப்ப செருப்ப எங்க விடுவாங்க? எல்லாருக்கும் ஒரே எடமா, ஆளுக்குத் தகுந்த மாதிரியா?”

சிரிப்பு அடங்கியது. மேடம் பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, யோசித்தார். “விருந்துக்குப் போனா கழட்டுவாங்க, அது தெரியும். காலையில வணக்கம் சொல்லப் போறப்ப… தெரியலையே பானு. நான் யோசிச்சதே இல்ல. கழட்டவே மாட்டாங்களோ என்னமோ. தேடு, அதையும் எழுது. பாருங்க எல்லாரும், இப்படித்தான் கேக்கணும் கேள்வி. உனக்கு எப்படித் தோணிச்சு இது?”

“சும்மா தோணிச்சு மேம்.”

மேடம் கை தட்டினார். வகுப்பும் தட்டியது. செல்லக்கண்ணுவும் தட்டினான். பானுப்ரியா உட்கார்ந்தாள். வாடிக்கையாளர் சேவைக்கு வகுப்பே சிரித்தபோது முகம் இவ்வளவு எரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டது அதைத்தான். “மேடத்தக் கேட்டியா பாப்பா?”

“கேட்டேன்ப்பா. ரொம்ப நல்ல கேள்வின்னாங்க. அவங்களுக்கே பதில் தெரியல.”

“பாத்தியா கலியம்மா! நான் கேட்ட கேள்விக்கு காலேஜ்ல ஒருத்தருக்கும் பதில் தெரியல!”

“மோட்டாருக்குக் காயில் கட்ட எப்பப் போவேன்னு நான் கேட்டா ஒனக்கும்தான் பதில் தெரியல” என்றாள் அம்மா.

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. “நான் கேட்டேன்னு சொன்னியா?”

“ம்” என்றாள் பானுப்ரியா. அவர் அதை நம்பி, சிரித்துக்கொண்டே மாட்டைப் பிடித்துக் கட்டப் போனார்.

கட்டுரையை எழுதி முடித்ததும் அரியலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜன்னத் அக்கா நடத்தும் கம்ப்யூட்டர் கடையில் தட்டச்சுக்குக் கொடுத்தாள். ஜன்னத் லப்பைக்குடிக்காட்டுப் பெண், இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். தட்டிக்கொண்டே படித்து, படித்ததற்கெல்லாம் கருத்தும் சொல்லுவாள். “அல்லாவே, அங்கயும் இதே கூத்துதானா?” என்று கேட்டுக்கொண்டே பக்கங்களைத் தள்ளினாள். செருப்பைப் பற்றிய பத்தி வந்தபோது பானுப்ரியா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அக்கா, இந்த வரிக்கு ஒரு அடிக்குறிப்பு போடணும். எழுதல, சொல்றேன்.”

“சொல்லு.”

“‘தலையைக் காட்டுதல் என்ற சொல்லைத் தந்தவரும், இந்தக் கேள்வியைக் கேட்டவரும் கொளஞ்சியப்பன்.’”

விரல்கள் தட்டின. “யாரு இவரு, பெரிய ப்ரொபசரா?”

பானுப்ரியா கடைக்குள் வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பார்த்ததற்காகவும் வெட்கமாக இருந்தது.

“எங்கப்பாக்கா.”

“ஓ. என்ன செய்றாரு?”

“முந்திரி கொஞ்சம் இருக்கு. மாடு இருக்கு. காலையில சேர்மன் வூட்டுக்குப் போவாரு.”

அப்பா போவது காலியாகக் கிடந்த ஒரு நாற்காலிக்காக என்பதை அவரிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத அவரால் இந்தக் கட்டுரையைப் படிக்க முடியாது. வாசித்துக் காட்டச் சொன்னால், வாசலில் போய் நிற்கிறவர்களைப் பற்றிய இடத்திற்கு வரும்போது என்ன செய்வது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

ஜன்னத் திரையைப் பார்த்தபடி இருந்தாள். “நீளமா இருக்கே பேரு, வரி ஒடையுது. கொளஞ்சின்னு சுருக்கிப் போட்டுடவா?”

“வேணாங்க்கா” என்றாள் பானுப்ரியா. “வரி ஒடஞ்சா ஒடையட்டும். முழுப் பேரும் போடுங்க. முன்னாடி திருன்னும் போடுங்க.”